மிதவை பேசாத காலை

ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்துக்கு வெளியே
ஒரு மஞ்சள் மிதவை.
மணிக்கொருமுறை மூன்று எண்கள் சொல்லும்:
அலையின் உயரம், அடுத்த அலைக்கான நொடி,
நீரின் வெப்பம்.
வெப்பம் என்றுதான் எழுதியிருக்கும்,
பூச்சியம் புள்ளி நான்கு ஆனாலும்.

செவ்வாய் இரவிலிருந்து அது வாய் திறக்கவில்லை.
மூன்று எண்களின் இடத்திலும்
ஒரு கோடு.
பனி ஏறிய பாரத்தில் கவிழ்ந்திருக்கும் என்றான் டங்கன்.
சங்கிலி அறுந்து மெயின் மாநிலம் போயிருக்கும்,
கடவுச்சீட்டு கேட்டு நிறுத்தி வைத்திருப்பார்கள்
என்றாள் மோயிரா.
எனக்கோ வியாழன் மட்டும்தான் விடுமுறை.

எண் இல்லாவிட்டால் காற்று.
கொண்டல் வீசினால் போர்த்திக்கொண்டு படு,
கடல் கலைத்துப்போட்ட படுக்கையாய்க் கிடக்கும்.
சோளகம் அலையைக் கூட்டிவரும்,
கூட்டிவந்த கையோடு அதன் முதுகில் ஏறி
அதைக் கெடுக்கவும் செய்யும்.
வேண்டியது இதுதான்:
சோளகம் இரண்டு நாள் அடித்து ஓய்ந்தபின்
வாடையும் கச்சானும் கலந்து
நிலத்திலிருந்து கடலுக்குப் போகும் ஒரு காலை.
உடையப் போகும் அலையின் முகத்தை
நிமிர்த்திப் பிடிக்கும் காற்று.
காதுமடலைக் கடிப்பதும் அதே காற்றுத்தான்.

இந்தக் கடலுக்கு வைத்த பெயர்கள் அல்ல இவை.
ஆனாலும் பொருந்துகின்றன,
அளவு குறைந்த கையுறைபோல,
இழுத்துப் போட்டால்.

ஐந்தே முக்கால். எதிர்வீட்டுப் புகைபோக்கியின் புகை
தென்கிழக்கே சாய்ந்தது.
பலகையைக் கட்டினேன்.

லாரன்ஸ்டவுனில் கண்ணாடியை இறக்கி
இருட்டில் காதால் எண்ணினேன்.
பின்வாங்கும் அலையில் கூழாங்கற்கள் உருண்டு
கடல் பல்லை நறநறக்கும் சத்தம்.
அங்கிருந்து அடுத்த நறநறப்பு வரை
பதினொன்று.
மறுபடி, பத்து.
மறுபடி, பன்னிரண்டு.
மிதவையே, நீ எங்கிருந்தாலும்
இன்று உன் வேலையை நான் பார்க்கிறேன்.

ஆறு மில்லிமீட்டர் ரப்பருக்குள் நுழைவது
மல்யுத்தம்.
முகத்துக்கு வாசலின்.
குடுவை வெந்நீரில் பாதி கையுறைக்குள்,
மீதி, திரும்பி வருகிறவளுக்கு.

கடல் புகைந்துகொண்டிருந்தது.
முதல் முழுக்கில் நெற்றிக்குள் ஆணி,
இரண்டாவதில் அதே ஆணி,
மூன்றாவதில் நெற்றி எங்கே என்று தெரியவில்லை.
புகைக்கு அப்பால் மோயிராவின் கறுப்புத் தலை,
அல்லது ஒரு கடல்நாய்.
"எத்தனை அடி?" என்று கத்தினேன்.
"தெரியாது. பெரிசு!"
கடல்நாய் அல்ல.

இரண்டை விட்டேன்.
மூன்றாவது என் மேல் விழுந்தது,
மேலும் கீழும் இடம் மாறி
வாயெல்லாம் உப்பும் மணலும்.
நான்காவது வரும்போது
நான் துடுப்புப் போட்டதாக நினைவில்லை.
கால்கள் எப்போது எழுந்தனவோ.
பச்சைச் சுவர். அதன் விளிம்பிலிருந்து
வாடை பிய்த்தெறிந்த துளிகள்
முகத்தில் படும்முன் உறைந்து
அரிசிபோல் கொட்டின.
அவ்வளவுதான். ஆறு நொடி.

கரையில் சாவி திரும்பவில்லை.
சாவியின் குற்றம் இல்லை,
விரல்கள் பத்தும் விறகு.
உப்பு லாரி ஓட்டுகிற ஒருவர்
நாயோடு அந்தப் பக்கம் வந்தார்.
என் பல்லிடுக்கிலிருந்து சாவியை வாங்கி,
துடைக்காமல், கதவைத் திறந்தார்.
"எப்படி இருந்தது?"
உதடு அசையவில்லை.
நாய் என் இமையிலிருந்த பனியை நக்கப் பார்த்தது.

சனிக்கிழமை மிதவை பேசத் தொடங்கியது.
கவிழவும் இல்லை, எங்கும் போகவும் இல்லை,
மின்கலம் உறைந்திருந்ததாம்.
நேற்றைக்கு எண், இன்றைக்கு எண்.
வியாழனுக்கு நேரே மட்டும்
பதிவில் இன்னும் ஒரு கோடு.

அதன் மேல்தான் நின்றேன்,
முழங்கால் மடக்கி.