ஐந்து முறை அழுத்தினால்

உப்பில்லாத கடல் அது, மிஷிகன் ஏரி.
அறுநூறு அடி நீண்ட கான்கிரீட் துறையின் நுனியில்
முப்பத்தாறு அடி இரும்பு.
கலங்கரை விளக்கம் என்று சொல்லக்
கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்.
தண்ணீர்த் தொட்டியென்று நினைத்துப்
படமெடுக்காமல் போனவர்களும் உண்டு.

எனக்குத் தந்த வேலை சுரண்டுவது.
மணிக்கு இருபத்திரண்டு டாலர். முகமூடி இலவசம்.
பழைய பெயிண்டில் ஈயம், மூச்சு பத்திரம் என்றாள்
மேற்பார்வைக்கு வந்த லோர்னா டெர்வோ.

சிவப்பு. அதன் கீழே இன்னொரு சிவப்பு.
பிறகு வெள்ளை, போர்க்காலத்துச் சாம்பல்,
பிறகு எந்தக் கஞ்சனோ மலிவில் வாங்கிய
களஞ்சியப் பழுப்பு.
ஒவ்வொன்றுக்கும் நகர்மன்றத்தில்
ஒரு சண்டை நடந்திருக்கும்.

வடக்குப் பக்கம், என் இடுப்பு உயரத்தில்,
ஆணியால் கீறிய எழுத்து:

மணியின் சுருள்வில் முறிந்தது.
கையால் அடித்தேன், நாற்பத்தொரு மணி நேரம்.
எந்தக் கப்பலும் வரவில்லை.
எமில் யூசோலா, துணைக் காவலன்.

வருடம் இல்லை.
இடுப்பு உயரம் என்றால்
உட்கார்ந்துகொண்டுதான் எழுதியிருக்க வேண்டும்.
என் தோள்பட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

எந்தக் கப்பலும் வரவில்லை.
புகாரா அது, நிம்மதியா?
கோணல் எழுத்தில் குரல் பிடிபடவில்லை.
சத்தம் கேட்டு விலகிப் போன கப்பல்
சொல்லிக்கொண்டா போகும்?

லோர்னா இரண்டு முறை படித்தாள்.
கைப்பேசியில் எடுத்த படத்தில்
வெயில்தான் விழுந்தது, எழுத்து விழவில்லை.
"கையகலம் விட்டாலும் துரு ஏறிவிடும்."
உண்மைதான்.
பிரைமர் அடித்தோம். அந்த இடத்தில் மட்டும்
இரும்பு கொஞ்சம் அதிகம் குடித்தது.

இப்போது மணி கிடையாது. மின்கொம்பும்
கேட்டால்தான் ஊதும்:
படகிலிருந்து ரேடியோ பொத்தானை
ஐந்து முறை அழுத்தினால்
நாற்பத்தைந்து நிமிடம்.
யாரும் கேட்காவிட்டால்
எத்தனை மூடுபனிக்கும் வாய் திறக்காது.

அன்று மாலை இறங்கியது மூடுபனி.
முதலில் விளக்கம் போனது, பிறகு துறை,
பிறகு என் லாரியின் மூக்கு.
இருக்கைக்கு அடியில் கிடந்தது
மைத்துனன் டுவைட்டின் ரேடியோ;
சால்மன் பிடிக்கப் போனபோது விட்டுப்போனது,
மீன்வாடை இன்னும் போகவில்லை.

படகில்லாதவன் அழுத்தலாமா?
சட்டத்தில் என்ன இருக்கிறதோ.

அழுத்தினேன். நான்காவதில் சந்தேகம் வந்து
முதலிலிருந்து எண்ணினேன்.

ஈரப் பெயிண்டுக்குள்ளிருந்து
ஊதத் தொடங்கியது.

நாற்பத்தைந்து நிமிடமும்
லாரியை எடுக்கவில்லை.