ஈரக்கழிவு

சோலூர்மட்டத்தில் மூன்றே முக்காலுக்கு
மூடுபனி வந்து கோபுரத்தை விழுங்கிவிடும்.
டவர் இல்லை என்பார்கள்,
சீனி தீர்ந்துபோச்சு என்கிற குரலில்.

அதனால்தான் அப்படிக் கட்டினேன்.
கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்
தராசோடு கம்பி வழியே பேசும்,
ரசீது அச்சடிக்கும்,
நானூற்றுப் பன்னிரண்டு பேர் கணக்கையும்
தன் மடியிலேயே கட்டி வைத்திருக்கும்.
கோவையில் இருக்கும் பெரிய சர்வரிடம்
கேட்டுக் கேட்டு வாழாது.
கெட்டிக்காரி என்று பெயர் வைத்தேன்.
எடை போடும் தவமணிக்கு அது
வெறும் பெட்டி.

ஆடியில் ஒன்பது நாள் தொடர்பு அறுந்து கிடந்தது.
பெட்டி அசரவில்லை.
பத்தாம் நாள் பதினோரு நிமிடம் வெயில்.
மேலே போக வேண்டியதெல்லாம் வரிசையில் நின்று போயின,
கீழே வர வேண்டியவை வந்தன.
அதில் ஒரு விதி,
தலைமை அலுவலகம் புதிதாய்ப் போட்டது:
மழை நாளில் எட்டு சதம் ஈரக்கழிவு.

மாசியம்மா மறுநாள் வந்து
ரசீதையும் போனையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாராம்.
தாளில் நாற்பத்தாறு.
குறுஞ்செய்தியில் நாற்பத்திரண்டு புள்ளி மூன்று இரண்டு.
"இதுல எது என் சாக்கு?"

தவமணி என்னைக் கூப்பிட்டாள்.
மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறி, வாந்தி எடுத்து,
நனைந்த காலணியோடு போய்ச் சேர்ந்தேன்.

தவறு என்னுடையது.
இரண்டு எண் மோதினால்
மேலிருப்பது ஜெயிக்கும் என்று
ஒரு வெள்ளிக்கிழமை மாலை எழுதியிருந்தேன்.
திங்கள் ஒப்படைக்க வேண்டும்.
ஆளைக் கேட்கும் திரை ஒன்று வரைய
இன்னும் நான்கு நாள் பிடித்திருக்கும்.

பெட்டியைத் திறந்து உள்ளே பார்த்தேன்.
காரணம் என்று ஒரு கட்டம் வைத்திருந்தேன்,
எண்பது எழுத்து,
யாரும் நிரப்பமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்.
சர்வரில் அதற்கு இடமே ஒதுக்கவில்லை.
தவமணி ஒன்பது நாளும் நிரப்பியிருந்தாள்.

*மேல காய்ஞ்சிருக்கு, அடி சொதசொதன்னு. 4 கிலோ கழிச்சேன்.*
*பையன் சாக்கு மேல உக்காந்துட்டான், திரும்ப நிறுத்தேன்.*
*அட்டை இருந்துச்சு. எடை அதோடதான்.*
*இன்னைக்கு ரோடு சரிஞ்சு யாரும் வரல.*

கழித்ததிலிருந்து மறுபடி கழித்திருக்கிறோம்,
ஐம்பது கிலோவைத் தொட்டுப் பார்த்தவளிடமும்
தொட முடியாத இடத்திலிருந்தும்.

அன்றிரவு கொட்டகையிலேயே உட்கார்ந்து மாற்றினேன்.
இனி மோதினால் இரண்டும் நிற்கும், மஞ்சளாய்,
ஒருவர் வந்து விரல் வைக்கும்வரை.
காரணமும் கூடவே போகும்.
மேலாளர் போனில், "மஞ்சள் எத்தனை நாளைக்குங்க?"
தெரியாது என்றேன்.
அவருக்கு அது பிடிக்கவில்லை.

புதிய பதிப்பு
விடிகாலை நான்கு நிமிடம் கிடைத்த சிக்னலில்
தானே இறங்கி, தானே பொருந்திக்கொண்டது.
நான் கோவைக்குத் திரும்பிய மதியம்
சர்வருக்கு முதல் காரணம் வந்தது.

*எழுத்து பெருசாயிருக்கு, நல்லாருக்கு.
ரசீது ரோல் ரெண்டுதான் இருக்கு, அனுப்புங்க.*

மணி பார்த்தேன்.
மூன்று நாற்பத்திரண்டு.