கடன்காரர்கள் கூட்டம்

கட்டாயம் போகணுமா என்று
இரண்டு தடவை கேட்டேன், வக்கீல் ஷெரில் ஓபர்ஹவுஸிடம்.
"கொடுத்தவங்க வராம இருக்கலாம், லொரேன்.
நீ வராம இருக்க முடியாது.
வராவிட்டால் மனுவைத் தள்ளிவிடுவாங்க,
மறுபடி போன் அடிக்கும்."
அந்த மணி எனக்குத் தெரியும்.
சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து அடிப்பது,
என் பெயரைத் தப்பாக உச்சரித்துத் தொடங்குவது.

போனேன்.
டொலீடோவில் பிப்ரவரி. பேருந்து இருபது நிமிடம் தாமதம்.
பையில் ஓட்டுநர் உரிமம், சமூகப் பாதுகாப்பு அட்டை,
நான் நான்தான் என்பதற்கு
வேறு சாட்சி கிடையாது.
வாசலில் சோதனை இயந்திரம் கத்தியது.
கடைச் சாவி.
பூட்டையே மாற்றியாயிற்று,
இதை ஏன் இன்னும் சுமக்கிறாய் என்று
காவலர் கேட்கவில்லை. தட்டில் போட்டுத் திருப்பித் தந்தார்.

மூன்றாம் மாடி, சின்ன அறை.
நீதிபதி இல்லை, மேடை இல்லை.
மேசை, ஒலிப்பதிவுக் கருவி,
ஜலதோஷம் பிடித்த ஒரு பொறுப்பாளர்.
கொடுத்தவர்களுக்கென்று போட்ட நாற்காலிகள்
எண்ணிப் பார்த்தேன், பதினான்கு.
மூன்று வங்கி, இரண்டு கார்டு கம்பெனி,
மாவும் எண்ணெயும் அனுப்பியவர்கள்,
டோனட் பொரிக்கும் அடுப்பை வாடகைக்கு விட்டவர்கள்,
மஞ்சள் கடுதாசி கொடுத்தவள்
முகம் எப்படியிருக்கும் என்று பார்க்கக்கூட
ஒருவரும் வரவில்லை.
அவர்களுக்குச் சொல்ல
ராத்திரியெல்லாம் வாக்கியம் கோத்திருந்தேன்.
மன்னிப்புக் கேட்பதற்கும்
எதிரே ஆள் வேண்டியிருக்கிறது.

வலது கையை உயர்த்தினேன்.
எல்லாச் சொத்தும் எழுதினாயா?
எழுதினேன்.
யாராவது இறந்து உனக்கு ஏதும் வர இருக்கிறதா?
இல்லை.
உனக்கு யாராவது பணம் தர வேண்டுமா?
சிரித்துவிட்டேன்.
அதுவும் பதிவாகியிருக்கும்.

கடன் கொடுத்தவர்கள் யாரேனும், என்று
பழக்கத்தில் கேட்டுவிட்டுக் காகிதத்தைப் புரட்டினார்.
பின்னால் நாற்காலி கிரீச்சிட்டது.
டெல்பர்ட் கீஸ்லர். எப்போது வந்தாரோ.
ஜூலை வெயிலில் என் குளிர்ப்பெட்டியின் அடியில்
மல்லாந்து படுத்துப் பழுது பார்த்தவர்.
"கேள்வி ஒன்றும் இல்லை," என்றார்.
"சும்மா உட்கார்ந்திருக்கிறேன்."

ஆறு நிமிடம்.
கடை நடந்தது ஒன்பது வருடம்.

லிஃப்டில் நானும் அவரும்.
"அறுநூற்றுப் பன்னிரண்டு டாலர்," என்றேன்.
"தெரியும்," என்றார், எண்கள் இறங்குவதைப் பார்த்தபடி.
இரண்டாம் மாடியில் கதவு திறந்து
யாரும் ஏறாமல் மூடியது.

"அந்த நாற்காலி எப்படி?"
எந்த நாற்காலி?
"மேசைக்கு எதிரே போட்டிருப்பது.
பதினெட்டாம் தேதி எனக்கு."

பிறகு, தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு,
"கட்டாயம் வரணுமா?"

வரணும் என்றேன்.
அட்டையை மறந்துவிடாதே.
ஒரு கால் ஆடுகிறது,
இடது பக்கமாகச் சாய்ந்து உட்கார்.