மையம் மூடியிருக்கிறது

மார்ச்சில் வந்த உத்தரவு ஒரு வரிதான்:
மறு அறிவிப்பு வரும்வரை.
பதினாறு பாயையும் உதறிச் சுருட்டினேன்.
பல்லி விழாமல்
சத்துமாவு டின்னை இறுக்கி மூடினேன்.
கரும்பலகையில் அன்றைக்கு வரைந்த வெண்டைக்காயை
அழிக்க மறந்து
பூட்டிவிட்டு வந்தேன்.

அண்டியாபீசு மே மாதமே திறந்தாச்சு.
பாதிப் பேர் போதுமாம்.
பருப்பு கப்பல் ஏற வேண்டும்,
அதற்குத் தொற்று இல்லை.
வரச்சொன்ன பாதியில் ஷோபிதாவும் இருந்தாள்.
மகளைச் சாக்குக் கட்டுக்குப் பின்னால் இருத்தி
அண்டி தல்லினாள்.
பால் தெறித்துக் குழந்தையின் முன்கை கருத்தது,
மேஸ்திரி பார்த்துவிட்டார்.
மறுநாளிலிருந்து
கதவுக்கு வெளியே கொண்டி,
உள்ளே லிபினா, இரண்டு வயது ஏழு மாதம்,
ஒரு தட்டு அவல்,
சார்ஜு தீரும்வரை பாடும் பழைய போன்.

எனக்கு வேறு வேலை தந்திருந்தார்கள்.
நெற்றிக்கு நீட்டும் வெப்பமானி,
நூறு நோட்டீசு, ஒரு டப்பா பசை.
காய்ச்சலுண்டா, இருமலுண்டா, மணம் தெரியுதா.
படியேறும்போதே சில வீடுகள் ஜன்னலடைத்தன.
பிள்ளைகள் மட்டும்
முகமூடிக்கு மேலே மிச்சமிருந்த என்னைக்
கண்டுபிடித்தார்கள்.
"டீச்சரே, இன்னைக்கு முட்டை உண்டா?"

ஆடிக் கடைசியில் ஷோபிதாவுக்கு உறுதியானது.
ஆம்புலன்ஸ் ஆசாரிப்பள்ளத்துக்குப் போயிற்று.
குழந்தைக்கு இல்லை என்றது முடிவு,
ஆகவே ஆம்புலன்சிலும் இடமில்லை.
ராத்திரிக்குள் ஆள் வரும் என்றார் ஆய்வாளர்.
எந்த ஆள் என்று சொல்லவில்லை.

ஜஸ்டஸுக்கு நெய்யாற்றின்கரையில் கொத்துவேலை.
களியக்காவிளை வரை வந்து
கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று போன் போட்டான்:
"பாஸ் கேக்காவ டீச்சரே.
நாளைக்குத்தான் வருமாம்.
பிள்ளைய ஒண்ணு பாத்துக்கிடுங்க."
அதற்கு மேல் அவன் சொன்னது
லாரி ஆரனில் பாதிதான் கேட்டது.

பக்கத்து வீட்டார் நல்லவர்கள்தான்.
அவித்த மரச்சீனியைப் பையிலிட்டு
கம்பில் தொங்கவிட்டு ஜன்னலுக்கு நீட்டினார்கள்.

என் படிவத்தில் பதினான்கு கட்டம்.
கழிவறை தனியே உண்டா, உண்டு.
சர்க்கரை நோயாளி, இல்லை.
அறுபது தாண்டியவர், இல்லை.
அழுதால் தூக்க யார் என்பதற்கு
ஓரத்தில் இடம் தேடினேன்.
கையுறைக்குள் பேனா வழுக்கியது.

நோட்டீசுக்குப் பசை தடவும்போது
கதவின் கீழ் இடுக்கில்
ஐந்து விரல் வெளியே வந்தன.
பாட்டு வேளையில் நாங்கள் செய்வதுபோல்
சுண்டுவிரலில் தொடங்கி
ஒவ்வொன்றாய் மடங்கின.

மேற்பார்வையாளருக்கு அழைத்தேன், எடுக்கவில்லை.
மறுபடி அழைக்கவில்லை.
கொண்டியை எடுத்தேன்.

அன்றிரவு மையம் திறந்தது.
வாசலில் நானே ஒட்டினேன்:
தனிமைப்படுத்தப்பட்ட இடம்,
நபர்கள் இரண்டு, நாட்கள் பதினான்கு.
மறுநாள் பாஸ் கிடைத்து வந்த ஜஸ்டஸை
நேராகக் கல்லூரி விடுதிக்குக் கொண்டுபோனார்கள்,
அவனுக்கும் பதினான்கு.

என் வீட்டுக்காரர் மதில்மேல் சாயா வைத்து,
திட்டி முடித்துவிட்டுப் போவார்.
அவள் தினமும் பதினாறு பாயும் விரிக்கச் சொன்னாள்.
எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் படுத்தாள்,
இது ரெஜின் பாய், இது அக்‌ஷிதா பாய்,
இதில மூத்திர மணம்.
வெண்டைக்காயைத் தொடவிடவில்லை.
மூன்றாம் நாள் எனக்கு உடம்பு சுட்டது போலிருந்தது.
வெப்பமானியை அவளே என் நெற்றிக்கு நீட்டி,
எண் தெரியாத கண்ணால் உற்றுப் பார்த்து,
"டீச்சருக்கு இல்ல" என்றாள்.

விளக்கம் கேட்டு மெமோ வந்தது, வாட்சப்பில்.
பதிலெழுத உட்கார்ந்தேன்.
அதற்குமுன் அவளைத் தராசில் தொங்கவிட்டுப் பார்த்தேன்,
காலாட்டிச் சிரித்ததில் முள் நிற்கவே இல்லை.
பத்து கிலோ நானூறு என்று வைத்துக்கொண்டேன்.
வளர்ச்சி அட்டையில்
பிப்ரவரிப் புள்ளிக்கும் இதற்கும் நடுவே
ஐந்து மாதம் வெள்ளையாய்க் கிடந்தது.
இரண்டையும் சேர்த்துக் கோடு இழுக்கலாமா என்று
பென்சிலோடு இருந்தேன்.
வெளியே சாயா ஆறிக்கொண்டிருந்தது.