கல்லா

பாஃபின் தீவின் இந்த ஊருக்கு ஒரே கடை.
பதினொரு வருடமாக அதன் கல்லாவில் நான்.
யார் கூடையில் என்ன என்று தெரியும்;
அதனால் யார் வாயில் என்ன என்றும்.

இந்த வாரமும் விமானம் இறங்கவில்லை.
மூடுபனி என்றார்கள், பிறகு காற்று என்றார்கள்,
பிறகு ஒன்றும் சொல்லவில்லை.
போன வாரத்து முட்டைக்கோஸ் ஒன்று
தட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிறது,
பத்தொன்பதரை டாலர் என்று
நெற்றியில் ஒட்டிக்கொண்டு.
எதிர் அலமாரியில் சோடா எப்போதும் நிறைந்திருக்கும்.
ஆகஸ்டில் கப்பலில் வருவது.
அது அழுகாது.
அழுக வைக்கும்.

பாட்லூக் வந்தாள்,
முதுகுத் தொப்பிக்குள் சின்னவன் தூங்க,
கையில் நிவியாக்.
முட்டைக்கோஸை எடுத்து மோந்தாள்.
எடை போடச் சொன்னாள். போட்டேன்.
பேசாமல் திருப்பி வைத்தாள், மெதுவாக,
தூங்குகிற குழந்தையைக் கிடத்துவது மாதிரி.
மாவு, பன்றிக்கொழுப்பு, பிஸ்கட்,
தண்ணீரில் கலக்கும் ஆரஞ்சுப் பொடி.
"தண்ணி லாரி வேற இன்னும் வரலை," என்றாள்.
நான் எதுவும் கேட்கவில்லை.

மார்ச்சில் பல் டாக்டர் வந்திருந்தார்.
பள்ளிக்கூடத்தில், கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே
நாற்காலி போட்டு, மூன்று நாளில் ஊர் முழுக்க வாய் பார்த்தார்.
பழம் கொடுக்கிறீர்களா, காய் கொடுக்கிறீர்களா
என்று தாய்மாரைக் கேட்டார். நல்ல மனிதர்தான்.
ஆப்பிள் வாங்க எங்கள் கடைக்கும் வந்தார்.
விலையைப் பார்த்தார்.
என் முகத்தைப் பார்த்தார்.
காப்பி போதும் என்றார்.

நிவியாக்குக்கு ஐந்து வயது.
இக்காலுயிட்டுக்கு ஏற்றிப்போய் மயக்கம் கொடுத்து
எட்டுப் பல்லைப் பிடுங்கினார்கள்.
பல் போனால் சொல் போச்சு;
அவளுக்குப் போனது ஓர் எழுத்து.
தன் பெயரைச் சொல்லும்போது
நடுவில் காற்று மட்டும் வருகிறது.

ஏப்ரலில் அவள் அப்பன்
கடன் வாங்கிய பெட்ரோலில் பனிவண்டியை ஓட்டி
ஒரு சீல் கொண்டுவந்தான்.
தரையில் அட்டை விரித்து அறுத்தார்கள்.
ஈரல் மெத்தென்றிருந்தது, அது நிவியாக்குக்கு.
கறியை பாட்லூக் மென்று ஊட்டினாள், இடப்பக்கமாகவே.
வலப்பக்கம் அவளுக்கு ஒன்றுமில்லை.
எனக்கும்தான்.
பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்று
எங்களிடம் யாரும் சொல்ல முடியாது.

சாயங்காலம் மேலாளர் அந்த முட்டைக்கோஸைக்
குப்பையில் போடச் சொன்னார்.
கழிவுக் கணக்கில் எழுதினேன்.
பழுத்த இதழ் ஆறை உரித்தேன்.
உள்ளே வெள்ளை வெளேரென்று,
ஒரு பிள்ளையின் முதல் பல் மாதிரி.
பைக்குள் சுருட்டினேன்.
மேலே கேமரா பார்த்துக்கொண்டிருந்தது.
பார்க்கட்டும்.

மறுநாள் நிவியாக் கல்லாவை எட்டிப் பிடித்து நின்றாள்.
"அம்மா வேக வச்ச அந்த வெள்ளைப் பேப்பர்
இன்னும் இருக்கா?"

வெளியே எட்டிப் பார்த்தேன்.
ஓடுபாதைப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை.