அ வேர்

லரேடோவில், இரண்டு கொல்லைகளுக்கு நடுவே
வேலிமேல் சாய்ந்து நிற்கிறது பெக்கான் மரம்.

"வெல்..." என்று இழுக்கிறார் வெண்டல்.
"வியாழன்னு வச்சுக்கலாமா, இப்போதைக்கு?"
நாள்காட்டியில் பென்சிலால் குறிக்கிறார்,
காகிதத்துக்கே தெரியாத அளவு மெலிசாக.

கையில் ரம்பத்தோடு ரெஃபூஹியோ:
"புவெஸ்... அ வேர்."
பார்க்கலாம் என்று பொருள்.
தமிழ்க் காதில் வேர் மட்டும் விழுகிறது.

போன வியாழனும் இதே பேச்சு.
அதற்கு முந்தின வியாழன் மழை.

எட்டு வருஷம் முன்னால்
கிளையைத் தாங்கக் கட்டிய நைலான் கயிறு,
"போர் மியென்த்ராஸ்", அதுவரைக்கும்.
எதுவரைக்கும் என்று
இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.
பட்டை அதை விழுங்கிவிட்டது.
அவிழ்க்க முடிச்சு இல்லை.

வெண்டல் ரப்பரைத் தேடுகிறார்.
ரெஃபூஹியோ ரம்பத்தைச் சாய்த்து வைக்கிறாள்,
அந்த மரத்தின்மேலேயே.