பல்லியா, இரும்பா

இரவு எட்டு மணிக்கு
ஆதம்லெவ்வைப் போடியார் லான்ட்மாஸ்டரில் கொண்டுவந்து இறக்கினார்
வெட்டு மெசினின் கியர்ப்பெட்டியை,
காய்ச்சல்காரனைப் போல சாரத்தால் போர்த்தி.
"வட்டைக்குள்ள பன்னிரண்டு ஏக்கர் சாஞ்சு கிடக்கு.
மானம் இருட்டுது, யோகமலர்.
விடியமுன்னம் வேணும்."

ஏற்கெனவே யாரோ தொட்டிருக்கிறார்கள்.
கரண்ட் வெல்டிங், சுடச்சுடத் தண்ணீர்.
யாரென்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.
வார்ப்பிரும்புக்கு அவசரம் விளங்காது.
விளங்கினால் வெடிக்கும்.

மண்ணெண்ணெய் தடவித் துடைத்து
வெண்கட்டித் தூளைப் பூசினேன்.
வெள்ளைக்குள் ஈரக்கோடு மெல்ல ஊறி எழுந்தது.
கண்ணுக்கு நான்கு விரல்.
மண்ணெண்ணெய்க்கு ஆறு.
மண்ணெண்ணெயை நம்பினேன்.
ஆறாம் விரலையும் கொஞ்சம் தாண்டி
வெடிப்பு இன்னும் போய்ச்சேராத இடத்தில்
சின்னதாய் ஒரு துளை போட்டேன்.
"இருக்கிற ஓட்டை காணாதா?" என்றார்.
ஓடிவருவது விழுந்து நிற்க
ஒரு குழி வேண்டாமா?

ஒட்டும் இடத்தை மட்டும் சுடக்கூடாது.
சுட்ட பக்கம் விரியும், சுடாத பக்கம் விடாது,
இழுபறியில் மூன்றாவது இடம் கிழியும்.
பாதி அறுத்த பரலில் சிரட்டைக்கரி மூட்டி
முழுப் பெட்டியையும் இருத்தினேன்.
லைட்டை நிப்பாட்டச் சொன்னேன்.
மங்கல் சிவப்பு
இருட்டுக்குத்தான் முகம் காட்டும்.

அசற்றலீன் கரிக்கொடியாய் எழும்பியது.
ஒட்சிசன் ஏற ஏறச் சுருங்கி
நுனியில் நெல்மணி அளவு நீலம்.
சுட்ட பித்தளைக் கம்பியை வெண்காரத்தில் தோய்த்தேன்,
நுரைத்தது, கண்ணாடியாய் அடங்கியது.
முதல் துளி
சேம்பிலைத் தண்ணீராய் உருண்டு ஓடிற்று.
சூடு போதாது.
இரண்டாம் துளி படர்ந்தது.
அதன் பின்னால் கம்பியை விட்டுக்கொண்டே போனேன்.
எங்காவது வெள்ளைப் புகை கிளம்பினால்
துத்தநாகம் எரிகிறது, கையைத் தூக்கு.

"இரும்பு உருகல்லையே?"
"உருகப்படாது.
பித்தளைதான் உருகும். இரும்பு அதுக்கு இடம் குடுக்கும்."

(அலுமினியம் வேறு சாதி. சிவக்காது.
சொல்லாமல் கொள்ளாமல் காலடியில் ஒழுகும்.
போன சித்திரையில் ஒரு போட் எஞ்சின் மூடியை
அப்படிப் பறிகொடுத்து
பதினெட்டாயிரம் கட்டினேன்.
இப்போது வெறும் அசற்றலீனால் கரி பூசிவிட்டு
ஒட்சிசன் சேர்த்த தீயை மேலே ஓட்டுவேன்.
கரி மறையும் கணம்
தூரப் போ என்று அது சொல்லும் கணம்.)

பதினொன்றரைக்கு டோர்ச்சை அணைத்தேன்.
மாவடிப்பள்ளி மில்லின் உமிச்சாம்பல்,
நாலு சாக்கு.
பெட்டியைப் புதைத்து மேலே தகரம் மூடினேன்.
"இனி?"
"இனி ஒண்டுமில்ல. இருக்கிறதுதான்."
அவருக்கு அதுதான் ஏலாமல் போனது.
ஒரு மணிக்குத் தகரத்தில் கை வைத்தார்.
தட்டிவிட்டேன்.
ஒன்றரைக்கு மறுபடியும்.
போடியாரின் கையைத் தட்டிய கை
காரைதீவில் என்னுடையது மட்டுமாய் இருக்கும்.

இரண்டு மணிக்கு
டிக்.

"பல்லி," என்றார்.
"எந்தத் திசை?"
அவர் கூரையைப் பார்த்தார்.
நான் சாம்பலைப் பார்த்தேன்.
ஆறும் இரும்பும்
அதே ஒற்றைச் சொல்லில்தான் கைவிடும்.
பிறகு இருவரும் காதாகிக் கிடந்தோம்.
மூன்று மணிக்குத் தகரக் கூரையில் மழை கொட்டியது.
பல்லியும் போயிற்று, இரும்பும் போயிற்று,
ஏக்கர் பன்னிரண்டும்
அந்தச் சத்தத்துக்குள் போயிற்று.

விடிய, சாம்பல் இளஞ்சூடு.
பிள்ளையைக் குளிப்பாட்டலாம், அந்தளவு.
சுத்தியலால் தட்டினேன்.
நல்ல சத்தம்தான்.
ஆனாலும் நல்ல சத்தத்தை நான் முழுக்க நம்புவதில்லை.
மண்ணெண்ணெய் போத்தலைத் தேடித் திரும்பினால்
அது போடியார் கையில்.
அவரே ஊற்றினார், அவரே துடைத்தார்,
வெண்கட்டியை விரலால் குழந்தைக்குப் பவுடர் போடுவதாய்ப் பூசினார்.

வயலில் முழங்கால் ஈரம்.
பின்னேரம் வரைக்கும் மெசின் இறங்காது.
பிளேன்டீயோடு குந்தியிருந்தோம்.
பத்து நிமிடம். வெள்ளை.
"எடுக்கலாம்," என்றேன்.

"இன்னும் பத்து நிமிசம் பாப்பம்,"
என்றார்.